ஆவடியில் என் கழுதைக்கு நடந்த கல்யாணம்

கழுதையை லாரியில் ஏற்றுவது கஷ்டம். இறக்குவது அதைவிடக் கஷ்டம். ஏற்றும்போது பின்னாலிருந்து தள்ளலாம். இறக்கும்போது நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடும். பூந்தமல்லியில் வெங்காய லாரி நின்றதும் ராசாத்தி அப்படித்தான் நின்றாள்.

ராசாத்தி என் கழுதை. அவளோடு மூன்று மாதக் குட்டி ஒன்று. நாங்கள் பெரம்பலூர்ப் பக்கம். கழுதைப் பால் விற்பது தொழில். பச்சைக் குழந்தைக்கு ஒரு சங்கு புகட்டினால் மாந்தம் வராது, தொண்டை கட்டாது என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. நான் அப்படிச் சொல்லி விற்றதில்லை. கேட்டால் கறந்து கொடுப்பேன். சொல்லி விற்பது பழனி. பழனி என் கொழுந்தன். அவனுடைய அண்ணன்தான் என் வீட்டுக்காரர். கல் குவாரி வெடியில் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் எனக்கு என்று இருந்தது ராசாத்தி மட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குட்டி வந்து முட்டினால்தான் ராசாத்தி பால் இறக்குவாள். அது இரண்டு வாய் குடித்ததும் தள்ளிப் பிடித்துக்கொண்டு நாம் கறக்க வேண்டும். குட்டி கண்ணெதிரே நிற்க வேண்டும். குட்டி இல்லை என்றால் பால் இல்லை. அடுத்த குட்டிக்குப் பன்னிரண்டு மாதம் சினை. அதுவரை கழுதைக்கும் எனக்கும் ஒரே தீனிதான்.

மெட்ராஸில் மழை இல்லாத வருஷம் அது. எண்பதுகளின் கடைசி. எங்கள் ஊரிலும் மழை இல்லை. ஊரில் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் வாங்கி முடித்துவிட்டார்கள். ஆவடிப் பக்கம் தொழிற்சாலைக் குடியிருப்புகள் நிறைய, இளம் தாய்மார்கள் நிறைய என்று பழனி சொன்னான். கிளம்பினோம்.

லாரியில் வரும்போதே கேள்விகள் ஆரம்பித்துவிட்டன. கிளீனர் என்றால் பையன் இல்லை, நடுவயசு ஆள். மெட்ராஸ்காரர். "ஏன் நைனா, கழுதை நின்னுகினே தூங்குமாமே, நெசமா?"

"கழுதை தூங்கவே தூங்காதுண்ணே" என்றான் பழனி. "பொழுதுக்கும் முழிச்சிருக்கும். அதான் கண்ணு அவ்வளவு பெருசு."

குட்டி அப்போது வெங்காயச் சாக்கின்மேல் காலை நீட்டிப் படுத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. கிளீனர் அதைக் காட்டினார்.

"இது தூங்குதே?"

"அது சின்னது. இன்னும் பழகலை."

பழனியிடம் எந்தக் கேள்விக்கும் பதில் உண்டு. தெரியாது என்று அவன் சொல்லி நான் கேட்டதில்லை.

ராசாத்தியை இறக்க நாலு பேர் இழுத்தார்கள். நடக்கவில்லை. கிளீனர் குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கீழே குதித்தார். மறு நிமிஷம் ராசாத்தி எங்கள் எல்லாரையும் தள்ளிக்கொண்டு குதித்தாள். கீழே நின்றது நான். விலாவில் குளம்பு பட்டது. குட்டி போகிற இடத்துக்கு அவள் போவாள். அவ்வளவுதான் கணக்கு.

பூந்தமல்லியில் பூ வாசனை தூக்கியது. கூடை கூடையாக மல்லிகை. எங்கள் ஊரில் பூ முழம் போட்டு வாங்குவோம். இங்கே மூட்டையாகப் போகிறது. டீக்கடையில் இட்லிக்கு வடகறி என்று ஒன்று ஊற்றினார்கள். வடையை உதிர்த்துக் குழம்பு வைத்தது. எங்கள் ஊரில் மீந்த வடையை ராசாத்திக்குப் போடுவோம். நன்றாகத்தான் இருந்தது. விலா வலியில் பாதிதான் இறங்கியது.

அங்கே ஒரு தையல்கடை பாய் கடை ஓரத்தில் தங்கிக்கொள்ளச் சொன்னார். அவர் வீட்டம்மா கதவைப் பாதி திறந்துகொண்டு, "புள்ள பொறந்து நாப்பது நாளாவுது. ஒரு சங்கு குடும்மா" என்றார். கறந்து கொடுத்தேன். குட்டியைப் பார்த்ததும் அந்தம்மாவுக்குச் சிரிப்பு. "கம்பளியில தெச்ச மாதிரி கீது." பிறகு கேள்வி. "ஏம்பா, ஒட்டகம் முதுகுல தண்ணி வெச்சுகினு இருக்குமே, எவ்ளோ புடிக்கும்?"

"நாலு குடம் புடிக்குங்க" என்றான் பழனி.

உள்ளே மிஷின் மிதித்துக்கொண்டிருந்த பாய் நிறுத்தினார். "அது தண்ணி இல்லப்பா, கொழுப்பு. நான் பக்ரீத்துக்கு அறுத்துப் பார்த்துருக்கேன்."

"உங்க ஊர் ஒட்டகம் அப்படி இருக்கும் பாய்."

"எங்க ஊருன்னா? பூந்தமல்லியா?" பாய் சிரித்துவிட்டார். எங்களுக்கு டீயும் வர்க்கியும் வந்தது. வர்க்கி ராசாத்திக்கும் ஒன்று.

இப்படித்தான் போன இடமெல்லாம். ஒரு மிருகத்தை ஓட்டிக்கொண்டு போனால் எல்லா மிருகத்துக்கும் நாம்தான் சொந்தக்காரர் என்று நினைக்கிறார்கள். பல்லி வால் விழுந்தால் துடிக்கிறதே, வாலுக்கு உயிர் இருக்கிறதா. வௌவால் பறவையா, மிருகமா. பாம்பு பால் குடிக்குமா. நாய் ஏன் காலைத் தூக்குகிறது. கழுதை பேப்பர் தின்னுமே, படித்த பேப்பரா, படிக்காத பேப்பரா என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். வெயிலில் நிற்கிறீர்களே, ஏதாவது வயிற்றுக்குப் போட்டீர்களா என்று கேட்டவர் எந்தத் தெருவிலும் இல்லை.

திருமழிசையில் தொழிற்சாலை எஸ்டேட் ஓரமாக நடந்தோம். பக்கத்திலேயே வயல். வயலுக்குப் பக்கத்தில் ஒரு கால்வாய். அதில் தண்ணீர் ஊதாவாக ஓடியது. கழுதை பார்க்கத்தான் அசடு. தண்ணீர் விஷயத்தில் கறார். ராசாத்தி முகர்ந்தாள், திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரத்தில் ஒரு கைப்பம்பு. அந்தத் தண்ணீரையும் முகர்ந்தாள், திரும்பிக்கொண்டாள். அங்கே பெண்கள் குடம் வைத்து வரிசையில் நின்றார்கள். நாங்களும் நின்று அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம். வேறு இல்லை.

விலா வலி அதிகம் ஆனது. "நீ பஸ்ஸுல போ அண்ணி. நான் ஓட்டிக்கிட்டு வர்றேன்" என்றான் பழனி. ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். கண்டக்டர் என்னைப் பார்த்து, "இன்னாமே இது நாத்தம்? கழுதைய மடில வெச்சுகினு வந்தியா?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. அவர் சொன்னது பொய்யில்லை. ராத்திரி குட்டி என் மடியில்தான் தலை வைத்துத் தூங்கியது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தேன். சீட்டு வாங்கியாகிவிட்டது. அது நஷ்டம்.

ஆவடி பெரிய ஊர். எங்கே பார்த்தாலும் மதில், முள்வேலி, கேட். தொழிற்சாலைச் சங்கு ஊதினால் சைக்கிள்கள் ஆறாக வரும். ஒரு கேட்டுக்குள் குடியிருப்பு. உள்ளே விடக் காவல்காரருக்கு மனசில்லை. வடக்கத்திக்காரர். இந்தியில் ஏதோ கேட்டார். உள்ளேயிருந்து வந்த திருநெல்வேலிக்காரப் பெண் ஒருத்தி எங்களுக்கு எடுத்துச் சொன்னாள். "கழுதைக்குப் பித்தப்பை கிடையாது, அதனால அதுக்குக் கோவமே வராதுன்னு அவங்க ஊர்ல சொல்லுவாகளாம். நெசமான்னு கேக்காரு."

பழனி அதை அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும், "ஆமாங்க, சத்தியமான வார்த்தை" என்றான். காவல்காரருக்குச் சந்தோஷம். கேட் திறந்தது. அன்றிலிருந்து பழனி போகிற வீடெல்லாம் அதையே சொன்னான். பித்தப்பை இல்லாத பிராணி, கோபமே வராது, அதன் பாலைக் குடிக்கிற பிள்ளை சாந்தமாக வளரும். வியாபாரம் நன்றாக நடந்தது.

பல வருஷம் கழித்து எங்கள் ஊர் மாட்டு டாக்டரிடம் கேட்டேன். கழுதைக்குப் பித்தப்பை இல்லை என்பது உண்மைதானாம். குதிரைக்கும் இல்லையாம். கோபத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

குடியிருப்பு மனிதர்கள் நல்லவர்கள். மதுரை, சேலம், நாகர்கோவில் என்று எல்லா ஊரும் ஒரே மாடிப்படியில். ஒரே கட்டடத்தில் நாலு விதமான குழம்பு வாசனை. திருநெல்வேலிப் பெண்ணுக்குக் கைக்குழந்தை. "நாளைக்கும் வாங்க, மறந்துராதீங்க, எம்புள்ளைக்கு நெஞ்சு கட்டிக்கிட்டே இருக்கு" என்றாள். பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர் கோவேறு கழுதை பற்றிச் சொன்னார். தகப்பன் கழுதை, தாய் குதிரை. மலையில் மூட்டை சுமக்க அதைப்போல் ஒன்று இல்லையாம். ஆனால் குட்டி போடாது. "சுமக்கறதுக்குன்னே படைச்சது" என்றார்.

கல்யாணப் பேச்சு கோவில்பதாகைப் பக்கம் ஒரு தெருவில் வந்தது. அங்கே தண்ணீர் லாரி வந்து நாளாகிவிட்டது. ஏரி வெடித்துக் கிடந்தது. பிளாஸ்டிக் குடங்கள் தெருவில் கலர் கலராக வரிசையில் உட்கார்ந்திருந்தன, ஆள் இல்லாமல். குடத்துக்குக்கூட இடம் பிடிக்கிறார்கள். தண்டபாணி என்று ஒருவர் எங்களை நிறுத்தினார். சைக்கிள் கடைக்காரர். அந்தத் தெரு அம்மன் கோயிலுக்கும் அவர்தான் எல்லாம்.

"இது பொட்டையா?"

"ஆமாங்க" என்றான் பழனி.

"அட, தேடிகினு இருந்தோம் நைனா! மாப்ள ரெடியா கீது, பொண்ணுதான் கெடைக்கல."

மழை வேண்டிக் கழுதைக்குக் கல்யாணம். எங்கள் ஊரிலும் உண்டு. மாப்பிள்ளை ஒரு சலவைக்காரருடைய ஆண் கழுதை. பழனிக்குப் புது வேட்டி, எங்களுக்குச் சாப்பாடு என்று பேசினார்கள். பழனி ஒத்துக்கொண்டான். எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அந்தத் தெருவில் பத்துக் குழந்தைகளுக்காவது பால் வாங்குவார்கள் என்று அவன் சொன்னான். அதுவும் சரிதான்.

மறுநாள் காலை பந்தல் போட்டு ஒலிபெருக்கி கட்டிவிட்டார்கள். ராசாத்திக்கு நெற்றியில் மஞ்சள், காலில் சலங்கை, உடம்பில் ஒரு பட்டுப் புடவையைச் சுற்றிப் பின்னங்கால் வரைக்கும் கட்டினார்கள். இளைஞர்கள் சிரித்துச் சிரித்துச் செத்தார்கள்.

"பொண்ணு இன்னா கலரு மாமே! உன் பொண்டாட்டியவிட செவப்பு."

"மாப்ளைய குளிப்பாட்டினு வாங்கடா, நாறுது."

"தண்ணி ஏதுடா? தண்ணி இருந்தா இவனுக்கு ஏன்டா கல்யாணம்?"

அப்போது ஒரு பெரியவர் குட்டியைப் பார்த்துவிட்டார். "இன்னாபா தண்டபாணி, பொண்ணு புள்ள பெத்தது. பின்னாடியே குட்டி வந்துகினு கீது. இதுக்குப் போயி தாலி கட்னா மழ எப்டி வரும்?"

இது பெரிய பிரச்சினை. கொஞ்ச நேரம் பேசினார்கள். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. வேறு பெண் கழுதை கிடைக்கவில்லை. கடைசியில் தண்டபாணி தீர்ப்புச் சொன்னார். "குட்டிய கண்ணுல படாம வெச்சுடுங்கோ. தாலி கட்ற வரைக்கும் சத்தம் வரக்கூடாது." பிறகு என்னைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். "ஊட்டுக்காரரு?"

"இல்லீங்க."

"அப்ப நீயும் கொஞ்சம் பின்னால இரும்மா. தப்பா நெனச்சுக்காதே. குட்டியப் பார்த்துக்க ஆள் வேணும் இல்ல?"

பந்தலுக்குப் பின்னால் மோட்டார் ரூம். தண்ணீர் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. அதன் பின்சுவரில் குட்டியைக் கட்டிக்கொண்டு நானும் உட்கார வேண்டும். போவதற்கு முன் அந்த ஆண் கழுதையைப் பார்த்தேன். காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் மந்தையில் ஒரு முறை வெளியூர் ஆண் கழுதை நுழைந்து, தனக்குப் பிறக்காத குட்டியைக் கழுத்தில் கவ்வித் தூக்கியதை நான் பார்த்திருக்கிறேன். பழனியிடம் சொன்னேன். "என்ன ஆனாலும் குட்டியை அதுகிட்ட விடாதே." தண்டபாணியிடமும் சொன்னேன். "அதெல்லாம் நைனா பார்த்துப்பாரு, நீ போம்மா" என்று பழனியைக் காட்டினார்.

மோட்டார் ரூமுக்குப் பின்னாலிருந்து கல்யாணத்தைக் கேட்டேன். மேளம் கேட்டது. பழனிதான் பெண்ணுக்குத் தகப்பன். தாரை வார்க்கத் தண்ணீர் இல்லாமல் யாரோ சோடா பாட்டிலை உடைத்தார்கள். அதற்கும் சிரிப்பு. தாலி கட்டும்போது குட்டி கத்தப் பார்த்தது. அதன் வாயை என் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். என் சேலையைச் சப்பியது.

தாலி கட்டி முடிந்தது. புது ஜோடி கொஞ்ச நேரமாவது ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்று அந்தத் தெருவில் முறையாம். பக்கத்தில் கட்டி நின்றுபோன வீடு ஒன்று. நாலு சுவரும் ஒரு வாசலும். "கூரை இல்லியே" என்று ஒருத்தர் கேட்டார். "மழ வரணும்னுதானே பண்றோம், கூரை எதுக்கு?" என்றார் தண்டபாணி. இரண்டையும் உள்ளே விட்டு வாசலில் மூங்கிலைக் குறுக்கே கட்டினார்கள்.

குட்டிக்குப் பால் குடிக்கும் நேரம். இப்போது அது கத்தியது. உள்ளேயிருந்து ராசாத்தி பதில் கத்தினாள். அவளை வெளியே விடுங்கள் என்று கேட்கப் போனேன். "பந்தி முடியட்டும், அவுத்து வுட்டுடலாம்" என்றார்கள்.

திரும்பி வந்தேன். அப்போது ஒரு பெண் மோட்டார் ரூம் பக்கம் வந்தாள். கஸ்தூரி என்று பெயர். கையில் இலை. "சாப்ட்டியாம்மா?" என்றாள்.

நான் கிளம்பி வந்ததிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. நான் குட்டியின் கயிற்றைப் பார்த்தேன்.

"காத்தாலருந்து இங்கியே குந்தினு கீறியே, வா. எங்க ஊட்டு வாசல்ல போடறேன். ஒரு வாய் துன்னுட்டு வந்துடு. கட்டித்தானே போட்டுக்கீது, குட்டி எங்க போவப் போவுது?"

முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனேன். சூடான சோறு. சாம்பாரில் முருங்கைக்காய். அப்பளம். விலா வலித்தாலும் சாப்பிட்டேன். பாயசம் ஊற்ற வந்தாள்.

அந்த நேரத்தில் பந்தலில் நடந்ததைப் பழனிதான் பிறகு சொன்னான். குட்டியின் சத்தம் தாங்க முடியாமல் பந்தியில் இருந்தவர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். தண்டபாணி பழனியிடம் கேட்டிருக்கிறார். "ஏன் நைனா, குட்டிய உள்ள வுட்டா மாப்ள எதுனா பண்ணுமா?"

புது வேட்டியில் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தான் பழனி. நாற்பது ஐம்பது பேர் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒண்ணும் பண்ணாதுங்க. கழுதைக்குப் பித்தப்பையே கிடையாது. கோவம் எங்கிருந்து வரும்? பெத்த அப்பன் மாதிரி பார்த்துக்கும்."

குட்டியை அவிழ்த்து மூங்கிலுக்கு அடியில் உள்ளே தள்ளினார்கள்.

ராசாத்தி கத்துவது எனக்குத் தெரியும். பசிக்கு ஒரு மாதிரி, குட்டிக்கு ஒரு மாதிரி. நான் கேட்டது இரண்டும் இல்லை. இலையை விட்டு ஓடினேன். மூங்கிலை அவிழ்க்க ஆட்களுக்கு வரவில்லை, முடிச்சு இறுகியிருந்தது. நான் கீழே புகுந்து போனேன்.

ஆண் கழுதை குட்டியைக் கழுத்தில் கவ்வி உதறிக்கொண்டிருந்தது. முழங்காலால் தரையில் வைத்து அழுத்தியது. ராசாத்தி உதைத்தாள். ஒவ்வொரு முறையும் பட்டுப் புடவை பின்னங்காலைச் சுற்றி இழுத்தது. அவளால் சரியாக உதைக்க முடியவில்லை. விழுந்தாள், எழுந்தாள், மறுபடி உதைத்தாள். சலவைக்காரர் சுவர் ஏறிக் குதித்து மூங்கிலால் தன் கழுதையை அடித்து விரட்டினார். அடித்துக்கொண்டே அழுதார்.

குட்டி உடனே சாகவில்லை. சுவர் நிழல் எதிர்ச்சுவரைத் தொடும் வரைக்கும் மூச்சு இருந்தது. ராசாத்தி நக்கிக்கொண்டே இருந்தாள். நக்கிய இடமெல்லாம் ஈரமாக மினுமினுத்தது. பிறகு மூச்சு நின்றது. அவள் நிறுத்தவில்லை.

கூட்டம் எட்டிப் பார்த்துப் பேசியது.

"கல்யாண நாளும் அதுவுமா..."

"அந்தப் பொம்பள பந்தி சோறு துன்னாளே, அப்பவே நெனச்சேன்."

"அவ பின்னாடி தானடா குந்தினு இருந்தா?"

"எங்க குந்தினா இன்னா."

கஸ்தூரி அந்த ஆளைப் பார்த்து, "சோறு போட்டது நான். என்னக் கேளு" என்றாள். யாரும் கேட்கவில்லை.

நான் ராசாத்தியின் புடவையை அவிழ்த்தேன். கிழிந்திருந்தது. தண்டபாணி வந்து தாழ்ந்த குரலில், "தாலிய மட்டும் இப்ப எடுக்காதம்மா. மழ வர்ற வரைக்கும் இருக்கட்டும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் வீட்டுக் குடமும் காலிதான். நான் தாலியை அறுத்து அவர் கையில் கொடுத்தேன். பெண்கள் "ஐயையோ" என்று வாயைப் பொத்தினார்கள். எனக்கு அது புதுசு இல்லை.

ஏரிக்குள் குழி தோண்டினோம். வெடித்த மண் கட்டி கட்டியாக வந்தது. சலவைக்காரரும் கூடத் தோண்டினார். பழனி புது வேட்டியை அவிழ்த்துக் குட்டிமேல் போர்த்தினான். பழைய கைலியைக் கட்டிக்கொண்டு வந்தான்.

மறுநாள் ராசாத்தியின் மடி கல்லாக இருந்தது. தொட விடவில்லை. குடியிருப்புக்குப் போனோம். திருநெல்வேலிப் பெண் சங்கோடு வாசலில் நின்றாள். "குட்டிய எங்க?" என்றாள். சொன்னேன். அவள் தன் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். பிறகு, "அப்ப பால்?" என்றாள். தப்பில்லை. அவளுக்கு அவள் குழந்தை.

பக்கத்தில் நின்ற ஒருவர், "மாட்டுக்குக் கன்னு செத்தா தோல்ல வைக்கோல் அடைச்சு வெப்பாங்களே. கழுதை அந்த மாதிரி ஏமாறாதா?" என்று கேட்டார்.

வழக்கம்போல எல்லாரும் பழனியைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

நாலாவது நாள் மடி இளகிவிட்டது. பால் வற்றியதால் இளகியது. இனி அங்கே வேலை இல்லை. பழனி போய்க் கேட்டதும் ஊருக்குப் போகும் லாரி ஒன்றைத் தையல்கடை பாய் பேசிவிட்டார். பூந்தமல்லியில் ஏற வேண்டும். கோவில்பதாகைத் தெரு வழியாகத்தான் நடந்தோம். அப்போது தூறியது. பெரிய மழை இல்லை, மண் நனையும் அளவு. அவ்வளவுக்கே தெரு முழுக்கத் தட்டு, பாத்திரம், பக்கெட் எல்லாம் வெளியே வந்துவிட்டது. விசில் அடித்தார்கள். ராசாத்தியைப் பார்த்ததும் ஓடி வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "பொண்ணு ராசி!" என்று கத்தினார்கள். ஒருவன் அவள் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டான். அவள் ஏரிப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு நகர மறுத்தாள். இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது.

கஸ்தூரி வாசலில் குடத்தை வைத்துவிட்டு நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

லாரியில் ஏற்றுவது இந்தத் தடவை லேசாக இருந்தது. இழுத்த பக்கம் வந்தாள். வேறு லாரி, வேறு கிளீனர். ஆனால் மெட்ராஸ்காரர்தான். கொஞ்ச தூரம் போனதும் ராசாத்தியைப் பார்த்துவிட்டுப் பழனியைக் கேட்டார்.

"ஏம்பா, கழுதை நின்னுகினேதான் தூங்குமா? படுக்கவே படுக்காதா?"

பழனி என்னைப் பார்த்தான். "தெரியலைண்ணே" என்றான்.

கிளீனர் என் பக்கம் திரும்பினார்.

"படுத்தும் தூங்கும்" என்றேன். "தன்னோட துணை ஏதாவது பக்கத்துல இருந்தா."

வழியெல்லாம் அவர் பின்னால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஊர் வரும் வரைக்கும் அவள் நின்றுகொண்டேதான் வந்தாள்.